கம்பளியும் காணிப் பத்திரமும்

பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாயா நோக்கி இறங்கும் பெருந்தெருவிலே கொஸ்லந்தை என்னும் சிற்றூர் இருக்கின்றது. தியலும நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோர் பலரும் இவ்வூரைக் கடந்தே செல்வர். தெருவுக்கு மேலே, தேயிலை படர்ந்த சரிவொன்றிலே, மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் வரிசையாக நின்றன. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் மலை சரிந்தது. அடுப்பில் வைத்த உலை இறக்கப்படுமுன்னே லயங்களும் கோயிலும் மனிதரும் மண்ணுள் மறைந்தனர். பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே அவர்களுக்குத் தெரியவில்லை.

உதவி விரைந்து வந்தது. அதில் குறை சொல்வதற்கில்லை. அரிசி வந்தது, பால்மா வந்தது, பாயும் கம்பளியும் வந்தன. சைவ ஆலயத்தாரும் பள்ளிவாசலாரும் விகாரைப் பிக்குமாரும் கிறிஸ்தவக் குருமாரும் கன்னியரும் ஒரே சேற்றிலே நின்றனர். கத்தோலிக்கத் திருச்சபையின் கரித்தாஸ் அமைப்பும் நிவாரணம் வழங்கியவற்றுள் ஒன்று. தப்பியவர்கள் முதலிற் பாடசாலைகளிலும், பின்னர் பூனாகலைப் பகுதியில் இயங்காதிருந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தங்கினர். கம்பளி அன்றே வந்தது. வீடு வருவதற்கோ ஏறக்குறைய இரண்டாண்டு சென்றது. 2016 இல் மாகல்தெனியத் தோட்டத்தில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஆனால் மலையகத்துத் தோட்டங்களை ஒருசேர நோக்கினால், பல்லாயிரம் குடும்பங்களுக்குத் தாம் குடியிருக்கும் நிலத்தின் காணிப் பத்திரம் இரு நூற்றாண்டு கழிந்தும் வரவில்லை.

கம்பளிக்கும் காணிப் பத்திரத்துக்கும் இடையே கிடக்கும் இத்தூரமே இக்கட்டுரையின் பொருள். முன்னதை ஈகை என்போம். பின்னதை நீதி என்போம். ஒரு கிறிஸ்தவச் சபை முன்னதை எளிதிற் செய்கின்றது. பின்னதற்காக அது என்ன செய்திருக்கின்றது, இனி என்ன செய்தல் கூடும் என்பதை ஊவா மாகாணத்தின் வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் தகும்.

துரைமார் அழைத்த சபை

1867 ஆம் ஆண்டிலே வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையை நிறுவினார். பசித்தவர் எவராயினும் சாதியும் சமயமும் கேளாது சோறிடுவதற்கென்று அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அதே ஆண்டிலே கண்டிச் சீமையில், லூல்கந்துரவில், ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். இவ்விரு நிகழ்ச்சிக்கும் நேரான தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் தருமச்சாலையின் அடுப்பை வேண்டி நின்ற பசிதான், சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் தமிழரைக் கடல் கடத்தி மலையேற்றியது. முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் அவர்கள் வந்தனர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய காட்டுவழியிலே மடிந்தவர்க்குக் கணக்கில்லை.

இம்மக்களிடம் கிறிஸ்தவம் வந்த வழி நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. 1854 ஆம் ஆண்டில், தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியாலும் அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சீ. எம். எஸ். சங்கத்தின் ஒத்துழைப்பாலும் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசிமார் வருவிக்கப்பட்டனர். அவர்கள் லயத்துக்கு லயம் நடந்தனர். நோயாளியின் பக்கத்தில் இருந்தனர். கொழுந்துக் கூடைகளுக்கிடையே வளர்ந்த குழந்தைக்கு 'அ' எழுதக் கற்பித்தனர். வேறு எவரும் எழுத்தறிவிக்க முன்வராத காலத்திலே செய்யப்பட்ட இத்தொண்டு மறக்கத்தக்கதன்று.

ஆயினும் அத்தொண்டு நடப்பதற்குத் துரைமாரின் பணம் வேண்டியிருந்தது. சம்பளம் கொடுப்பவனைக் கேள்வி கேட்பது எந்த ஊழியனுக்கும் எளிதன்று. பணிவையும் ஒழுக்கத்தையும் உபதேசியார் போதித்தல் துரைக்கு உவப்பானது. பற்றுச்சீட்டை வாசிக்கக் கற்பித்தலோ அத்துணை உவப்பானதாய் இருந்திராது. அம்மிஷன் தன் பெயரிலேயே 'கூலி' என்னும் சொல்லைத் தாங்கி நின்றது. பின்னாளில் அச்சொல் நீக்கப்பட்டது. பெயரிலிருந்து நீங்கிய சொல் வாழ்க்கையிலிருந்து நீங்கியதா என்பது வேறு கேள்வி.

பதுளை நகரிலே புனித மாற்கு ஆலயம் இருக்கின்றது. 1845 ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்ட ஆலயம் அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவர் பெயர் பெற்றவர். அவரை நினைப்பதற்கு ஒரு கோயில் எழுந்தது. அவர் காலத்திலேயே காட்டுவழியில் விழுந்து மாண்ட தமிழ்த் தொழிலாளருக்கு ஒரு கல்லேனும் நாட்டப்படவில்லை. இதை எவரையும் பழிப்பதற்காகக் கூறவில்லை. ஒரு சபை யாரை நினைவிற் கொள்கின்றது என்பதே அது யார் பக்கம் நிற்கின்றது என்பதைக் காட்டும். அதனாலேயே கூறுகின்றோம்.

மேற்றிராணியார் வந்த வழி

இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே இம்மக்களின் தலைமேல் வேறோர் இடி விழுந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இல் சரிபாதியாகப் பங்கிட்டன. நீங்கள் எங்கே வாழ விரும்புகின்றீர்கள் என்று அம்மக்களைக் கூட்டி வைத்துக் கேட்டவர் இலர். கிளைத்த குடும்பம் ஒன்றில் தமையன் இராமேஸ்வரம் செல்ல, தம்பி பண்டாரவளையில் தங்கினான். நாடற்றவர் என்னும் நிலை சட்டத்திலிருந்து பெரும்பாலும் நீங்குவதற்கு 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியிலே 1972 ஆம் ஆண்டில் பதுளை தனி மறைமாவட்டமாயிற்று. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும், அதாவது ஊவா மாகாணம் முழுவதும், அதன் எல்லை. அதன் முதல் மேற்றிராணியாராக வந்தவர் லியோ நாணயக்கார ஆண்டகை. 1959 முதல் கண்டியின் மேற்றிராணியாராக இருந்தவர் அவர். கண்டி பழைமையும் பெருமையும் வாய்ந்த பீடம். பதுளையோ கத்தோலிக்கர் மிகச் சிலரே வாழும் ஏழை மலைநாடு. பெரிய பீடத்தை விட்டுச் சிறிய பீடத்தைத் தாமே விரும்பி ஏற்றார் என்பதே அவர் ஆற்றிய முதற் பிரசங்கம் எனலாம்.

1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் பொதுச்சங்கம் திருச்சபையின் சாளரங்களைத் திறந்துவிட்ட காலம் அது. இலத்தீன் அமெரிக்காவின் மேற்றிராணிமார் 1968 இல் மெடலின் நகரிற் கூடி, ஏழ்மையை விதியென்று கொள்ளாது அநீதியென்று உரைத்தனர். ஊவாவிலே லியோ ஆண்டகை அதைத் தம் மண்ணுக்கேற்பச் செய்ய முயன்றார். பண்டாரவளையில் 'சேவக செவன' என்னும் பயிற்சி நிலையத்தை உருவாக்கினார். குருத்துவ மாணவர் உயர்ந்த மதில்களுக்குள்ளே இலத்தீன் இலக்கணத்தோடு இருந்துவிடாமல், கிராமத்து உழவரோடும் தோட்டத் தொழிலாளரோடும் பழகி, சிங்களமும் தமிழும் கற்று, அவர்தம் வாழ்விலிருந்தே இறையியலைத் தொடங்கவேண்டும் என்பது அதன் நோக்கம். 1982 இல் ஆண்டகை மறைந்தார். அவர் தொடங்கியவை அனைத்தும் அவர் எண்ணிய வண்ணமே நிலைத்தன என்று சொல்வதற்கில்லை. மேலிடங்களில் அவற்றை ஐயத்தோடு நோக்கியவரும் உண்டு. எனினும் துரை அழைத்து வந்த சபை தொழிலாளியின் அழைப்புக்குச் செவிசாய்க்கத் தொடங்கியது இக்காலத்திலேயே.

அதே 1972 இல் கண்டியில், இயேசு சபையைச் சேர்ந்த போல் கஸ்பர்ஸ் அடிகளார் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டுகளில் மலையகத்தைப் பஞ்சம் பிடித்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளிலே கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மெலிந்து மாண்டனர். சிலர் நகரத் தெருக்களிற் பிச்சைக்கு நின்றனர். கஸ்பர்ஸ் அடிகளார் வெறும் கஞ்சித் தொட்டி வைப்பதோடு நின்றாரில்லை. தோட்டப் பகுதிகளில் உழைக்கும் அமைப்புகளை 1974 இல் ஒருங்கிணைப்புச் செயலகமாக இணைத்தார். சம்பளம், உணவு, பிரசாவுரிமை, வீடு ஆகியவற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். சிங்கள வாசகரும் அறியவேண்டும் என்று அவர் கருதியது முக்கியம். 2017 இல் மறையும்வரை அவர் இக்கருத்தை விடவில்லை. தொழிலாளியின் துயரைத் தொழிலாளிக்கே எடுத்துரைத்தல் ஆறுதல் மட்டுமே. அதை அயலாருக்கு எடுத்துரைத்தால்தான் மாற்றம் தொடங்கும்.

புத்தளவில் ஒரு வீடு

ஊவாவின் கிழக்குச் சரிவு தேயிலை நாடன்று. மொனராகலையின் வறண்ட வெளி அது. அங்கே புத்தளவுக்கு அருகில் அளுகலவிட்ட என்னும் சிங்களக் கிராமத்தில் 1980 ஆம் ஆண்டு ஓர் எளிய வீடு எழுந்தது. 'சுப செத் கெதர' என்பது அதன் பெயர். மைக்கல் றொட்றிகோ அடிகளார் அங்கே வந்து குடியேறினார். ரோமாபுரியிலும் பாரிஸ் நகரிலும் கற்று இரட்டைக் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர், குருமடத்திற் கற்பித்தவர், லியோ ஆண்டகையோடு சேவக செவனவில் உழைத்தவர். பேராசிரியராக முதுமையடைந்திருக்கக்கூடிய ஒருவர், பௌத்த உழவர் மத்தியில் மாணவராகச் சென்று அமர்ந்தார்.

அங்கே அவர் யாரையும் மதமாற்ற முயலவில்லை. மூலிகைத் தோட்டம் வளர்ந்தது. பிள்ளைகளுக்குப் போசணையும் எழுத்தறிவும் கிடைத்தன. பிக்குமாரோடு உரையாடல் நிகழ்ந்தது. கரும்புப் பெருந்தோட்டம் சிறு உழவரின் நிலத்தை விழுங்க வந்தபோது அவர் உழவர் பக்கம் நின்றார். அச்சுறுத்தல் வந்தது, நாட்டின் தென்பகுதியெங்கும் ஆயுதமும் அச்சமும் பரவிய காலம் அது. அவர் ஊரைவிட்டு நீங்கவில்லை. 1987 நவம்பர் 10 ஆம் நாள் மாலை, அந்த வீட்டிலே திருப்பலி நிகழ்ந்துகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

தமிழ்த் தோட்ட மக்களைப் பற்றிய கட்டுரையில் சிங்கள உழவர் நடுவே இறந்த ஒருவரை ஏன் நினைக்கவேண்டும் என்று வினவலாம். காரணம் இரண்டு. தேயிலைத் தொழிலாளியின் நிலக்கேள்வியும் கரும்பு வயலோரத்து உழவனின் நிலக்கேள்வியும் ஒன்றே என்பது முதலாவது. சேவை செய்வோர்மீது இந்நாட்டில் எழும் மிகப் பெரிய ஐயத்துக்கு அவர் வாழ்வு விடையளிக்கின்றது என்பது இரண்டாவது.

மூன்று தடைகள்

அந்த ஐயம் யாது? அரிசி மூட்டையின் அடியிலே வேதப் புத்தகம் இருக்கின்றது என்பதே. மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோர் சைவர். மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் அவர்தம் வாழ்வின் நரம்புகள். துயருற்றவனின் பலவீனத்தைத் தன் தொகையைப் பெருக்கும் வாய்ப்பாகக் கருதும் குழு எதுவாயினும் கண்டிக்கத்தக்கதே. சில புதிய குழுக்களின் ஆர்வம் இந்த ஐயத்தை வளர்த்திருப்பதையும் மறைக்கவேண்டியதில்லை. இதற்கு விடை வாய்ச்சொல்லன்று. கோயில் மண்ணுள் புதைந்தபோது, கோயிலை மீண்டும் கட்டவும் கைகொடுக்கும் சபையின்மீது எவரும் ஐயுறார்.

இரண்டாவது தடை பணம். முற்காலத்தில் துரையின் பணம் வந்தது. இக்காலத்தில் வெளிநாட்டு நிதி வருகின்றது. திட்டத்துக்குக் காலவரை உண்டு, துயருக்கு இல்லை. மூன்றாண்டுத் திட்டம் முடிந்தவுடன் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சும் காட்சியை மலையகத்தில் கண்டவர் பலர். கணக்கை நிதி தந்தவருக்கு அனுப்பிவிட்டு, உதவி பெற்றவருக்குக் காட்டாதிருப்பது பழைய துரைத்தனத்தின் புதிய உருவமேயன்றி வேறன்று.

மூன்றாவது தடை அச்சம். 'குருவானவர் அரசியல் பேசலாமா?' என்று கேட்போர் சபைக்குள்ளேயே உளர். இதற்கு வேதாகமமே விடை கூறும். நாபோத்து என்பவனின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசன் விரும்பினான். பொய்ச்சாட்சி வைத்து நாபோத்தைக் கொன்று தோட்டம் கைப்பற்றப்பட்டது. எலியா தீர்க்கதரிசி நாபோத்தின் வீட்டுக்கு ஆறுதல் கூறச் செல்லவில்லை. அரசன் முன்னே சென்று நின்றார். அது காணி வழக்கு! நாபோத்துக்கேனும் பறிகொடுப்பதற்குத் தன் முன்னோரின் தோட்டம் இருந்தது. தேயிலைத் தோட்டத்திலே முன்னோர் பலரைப் புதைத்தவனுக்கோ பறிகொடுப்பதற்கும் ஒரு சாண் நிலமில்லை. எலியாவின் கதையை ஞாயிறு பாடசாலையிற் கற்பிக்கும் சபை, அதைக் கச்சேரி வாசலில் மறந்துவிடுதல் முறையன்று.

மீரியபெத்த சொல்வது

மீரியபெத்தவில் மலை திடீரெனச் சரிந்தது என்பது பாதி உண்மை. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, செல்வதற்கு இடம் இருக்கவில்லை. லயமும் நிலமும் தொழிலாளிக்கு உரியனவல்ல. 'எழுந்து போ' என்றால் அவன் எங்கே போவான்? வேலையை விட்டால் கூரையும் போகும் என்னும் கட்டுதான் அவனை அச்சரிவிலே இருத்தியது. மழை மலையைத் தளர்த்தியது. நிலமின்மை மனிதனை அதன் அடியிலே கட்டி வைத்தது.

இறந்தோர் கணக்கும் அவ்வாறே. காணாமற்போனோர் நூற்றுக்கணக்கினர் என்று முதலிற் கூறப்பட்டது. சில நாட்களில் அத்தொகை பெரிதும் சுருங்கியது. பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. கொழுந்தின் நிறையை ஒவ்வொரு நாளும் கிலோவிற் குறித்து வைக்கத் தெரிந்த ஓர் ஏற்பாட்டுக்கு, ஒரு லயத்தில் எத்தனை பேர் உறங்கினர் என்பது தெரியாமற்போயிற்று!

அதன் பின்னர் ஒன்றுமே நடக்கவில்லை என்பது நியாயமன்று. தனி வீடும் ஏழு பேர்ச் நிலமும் என்னும் கொள்கை அரசினால் ஏற்கப்பட்டது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2023 இல், மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. கிறிஸ்தவரும் சைவரும் இஸ்லாமியரும் சிங்கள நண்பரும் அதிலே சேர்ந்து நடந்தனர். கல்லில்லாது மாண்டவர்க்கு இவ்வாறேனும் ஓர் அஞ்சலி கிடைத்தது.

எனினும் அதே 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையில் மண் சரிந்து லயங்களை அழித்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயல் இலங்கையிலே அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பதுளையும் நுவரெலியாவும் கண்டியும் மண்சரிவாலே துடித்தன. நிலவுரிமை இல்லாதவன் இழந்ததை எந்தப் பத்திரத்தைக் காட்டி நிறுவுவான் என்னும் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. மீரியபெத்த முடிந்துபோன செய்தியன்று.

செய்யத்தக்கவை

இந்நிலையிலே ஊவாவின் சபைகள் செய்யத்தக்கவை சில உண்டு. அவை பெரும் பணத்தை வேண்டுவனவல்ல. பெரும் பொறுமையை வேண்டுவன.

முதலாவது, ஆபத்துள்ள சரிவுகளைப் பற்றிய அறிக்கைகள் தொழிலாளிக்கு விளங்கும் தமிழிலே லயந்தோறும் சென்று சேரவேண்டும். எச்சரிக்கை அலுமாரியில் உறங்கினால் அது எச்சரிக்கையன்று. ஆலய மணியடிக்கத் தெரிந்த சபைக்கு மழைக்காலத்து இரவிலே மணியடிப்பதும் ஓர் ஊழியமே. இரண்டாவது, ஒவ்வொரு லயத்திலும் வாழ்வோரின் பெயர்ப் பதிவேடு வேண்டும். பிறப்பும் திருமணமும் இறப்பும் எழுதிவைக்கும் வழக்கம் சபைக்குப் புதிதன்று. அதைச் சமயம் பாராது விரித்தால், இன்னொரு முறை இறந்தோர் தொகையைப் பற்றி எவரும் தருக்கமிட வேண்டியிராது. மூன்றாவது, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி விண்ணப்பம் ஆகியவற்றை நிரப்ப அறிந்த இளைஞரைச் சபைகள் உருவாக்கலாம். கச்சேரியிலே தமிழில் ஒரு கடிதம் பெறுவதற்கும் போராடும் மக்களுக்கு இது கம்பளியினும் பெரிய உதவி.

நான்காவது, மிகக் கடினமானது: சபை தன் சொந்த நிலத்தைப் பற்றிச் சிந்திக்கவேண்டும். ஆலயங்களுக்கும் மிஷன்களுக்கும் மலையகத்தில் காணி உண்டு. பாதுகாப்பான இடத்தில் ஒரு துண்டு நிலத்தையேனும் வீடற்ற குடும்பங்களுக்குப் பத்திரத்தோடு எழுதிக்கொடுக்கும் சபை எதுவோ, அதுவே அரசையும் கம்பெனியையும் நோக்கி 'நீங்களும் கொடுங்கள்' என்று கேட்கும் உரிமையைப் பெறும்.

முற்காலத்தில் தோட்ட நிருவாகமும் தொழிலாளிக்குக் கம்பளி கொடுத்தது. அதன் விலையைச் சம்பளத்திலே பிடித்துக்கொண்டது. சபை கொடுக்கும் கம்பளிக்கு விலையில்லை என்பது உண்மையே. ஆயினும் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று திரும்பிவிட்டால், அதன் விலையையும் அந்த ஏழைதான் அடுத்த மழையிலே செலுத்துகின்றான்.

ஞாயிறுதோறும் ஆலயத்திலே காணிக்கைக் கணக்கு வாசிக்கப்படுகின்றது. அதனோடு இன்னொரு கணக்கையும் ஆண்டுக்கொரு முறை, ஒக்டோபர் 29 ஆம் நாளை அடுத்த ஞாயிறன்று, வாசிக்கலாம். இவ்வாண்டில் இந்தப் பங்கிலே எத்தனை குடும்பம் ஆபத்துச் சரிவிலிருந்து இறங்கிற்று? எத்தனை பேரின் கையிற் காணிப் பத்திரம் சேர்ந்தது? தொகை சுழியமாயினும் அதை உரக்க வாசிக்கவேண்டும். கேட்டிருக்கும் மாணவரும் ஆசிரியரும் அதைக் குறித்துக்கொண்டு, மறு ஆண்டிலே மீண்டும் வந்து கேட்கட்டும்.